செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார்: விளம்பரத்தில் சொல்லும் பேட்டரிதான் காருக்குள் இருக்கிறதா? வாங்கும் முன் கண்டுபிடிப்பது எப்படி?

ஹைதராபாத் கச்சிபௌலியில் வேலை, கொண்டாப்பூரில் வாடகை வீடு. பெட்ரோல் செலவு அலுத்துப்போய், செகண்ட் ஹேண்டில் ஒரு எலெக்ட்ரிக் கார் பார்க்கலாம் என்று செயலியைத் திறக்கிறீர்கள். 'நெக்ஸான் இவி, 2022 மாடல், சிங்கிள் ஓனர், ரேஞ்ச் 437 கி.மீ.' என்று ஒரு விளம்பரம். படத்தில் கார் பளபளக்கிறது. விலையும் பட்ஜெட்டுக்குள் வருகிறது.

சிக்கல் இங்கேதான். 2022-ல் நெக்ஸான் இவி என்ற பெயரில் விற்ற கார்களில் இரண்டு வகை பேட்டரி இருந்தது. ஒன்று 30.2 கிலோவாட் அவர். இன்னொன்று, அந்த ஆண்டு மே மாதம் வந்த 'மேக்ஸ்' மாடலில் இருந்த 40.5 கிலோவாட் அவர். 437 கி.மீ. என்பது மேக்ஸுக்குச் சொல்லப்பட்ட எண். சின்ன பேட்டரி காருக்குச் சொல்லப்பட்டது 312 கி.மீ. தெருவில் நிற்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் விளம்பரம் போடுபவர் பட்டியலில் இருந்து ஒரு வேரியன்டைத் தேர்வு செய்ய, மீதி விவரங்களைச் செயலியே நிரப்பிவிடும். தப்பு யாருடையதாக இருந்தாலும் பணம் போவது உங்களுக்குத்தான்.

பெட்ரோல் காரில் இந்தக் குழப்பம் குறைவு. இன்ஜின் எத்தனை சிசி என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். எலெக்ட்ரிக் காரில் பேட்டரி எத்தனை கிலோவாட் அவர் என்று பளிச்சென்று சொல்லும் கட்டம் பொதுவாக ஆர்.சி.யில் இருக்காது. நாமேதான் தோண்டிப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது இரண்டு கேள்விகள். கார் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது அதில் என்ன இருந்தது? அதில் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

கிலோவாட், கிலோவாட் அவர்: இரண்டும் ஒன்றா?

இல்லை. கிலோவாட் என்பது மோட்டாரின் சக்தி. கிலோவாட் அவர் என்பது பேட்டரி கொள்ளும் மின்சாரம். வீட்டு கரண்ட் பில்லில் நாம் 'ஒரு யூனிட்' என்று சொல்வதும் ஒரு கிலோவாட் அவர்தான். 40 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 40 யூனிட் பிடிக்கும் டேங்க் என்று வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் '95 கிலோவாட்' என்று பார்த்து, அது பேட்டரி அளவு என்று நினைத்துவிடாதீர்கள். அது மோட்டார்.

ஒரே பெயர், வேறு வேறு பேட்டரி: எந்தெந்த கார்களில்?

சந்தையில் அதிகம் கிடைக்கும் மாடல்களில் குழப்பம் வரக்கூடியவை இவை. ரேஞ்ச் எல்லாம் அறிமுகமானபோது நிறுவனங்கள் சொன்ன சோதனை எண்கள்.

• டாடா நெக்ஸான் இவி: 2020 ஜனவரியில் 30.2 கிலோவாட் அவர் (312 கி.மீ.). 2022-ல் அதே பேட்டரியோடு 'பிரைம்', 40.5-உடன் 'மேக்ஸ்' (437 கி.மீ.). 2023 செப்டம்பரில் புதிய முகத்தோடு மீடியம் ரேஞ்ச் (325 கி.மீ.), லாங் ரேஞ்ச் (465 கி.மீ.). 2024 செப்டம்பரில் 45 கிலோவாட் அவர் (489 கி.மீ.).

• டாடா டியாகோ இவி: 2022-ல் 19.2 (250 கி.மீ.) மற்றும் 24 கிலோவாட் அவர் (315 கி.மீ.).

• எம்ஜி இசட்எஸ் இவி: 2020-லும் 2021-லும் 44.5. 2022 மார்ச்சில் 50.3 கிலோவாட் அவர் (461 கி.மீ.).

• மஹிந்திரா எக்ஸ்யூவி400: 2023-ல் 34.5 (375 கி.மீ.) மற்றும் 39.4 கிலோவாட் அவர் (456 கி.மீ.).

• எம்ஜி வின்ட்சர்: 2024-ல் 38. 2025 மே மாதம் வந்த 'புரோ'வில் 52.9 கிலோவாட் அவர்.

வேரியன்ட் பெயரை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வோம். 2023 நெக்ஸானில் 'ஃபியர்லெஸ்' என்ற பெயர் மீடியம் ரேஞ்ச், லாங் ரேஞ்ச் இரண்டிலுமே இருந்தது.

முதல் வேலை: நம்பர் பிளேட்டைப் படிப்பது

தெலங்கானாவின் பதிவு எழுத்து 2024 மார்ச்சில் டி.எஸ். என்பதில் இருந்து டி.ஜி. என்று மாறியது. பழைய வண்டிகளுக்குப் பழைய எழுத்தே தொடர்கிறது. ஆகவே டி.எஸ். பிளேட் உள்ள நெக்ஸானை '45 கிலோவாட் அவர்' என்று யாராவது சொன்னால், கணக்கு இடிக்கும். அந்த மாடல் வந்ததே அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான்.

அடுத்து நிறம். எலெக்ட்ரிக் வண்டிகளின் பிளேட் பச்சை. சொந்த உபயோகம் என்றால் எழுத்து வெள்ளை. வாடகை வண்டி என்றால் எழுத்து மஞ்சள். இன்று வெள்ளை எழுத்து இருக்கிறது என்பதால் நேற்று டாக்ஸியாக ஓடவில்லை என்று அர்த்தமில்லை. டாக்ஸியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிப் பதிவு செய்ய வழி இருக்கிறது. ஆர்.சி.யில் முதல் பதிவு யார் பெயரில், தனிநபரா நிறுவனமா என்று கேளுங்கள்.

பேப்பரில் எதை எதோடு ஒப்பிடுவது?

ஒரே ஒரு ஆவணத்தை நம்பாமல், நான்கைந்தை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்ப்பதுதான் வழி.

ஆர்.சி.: எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் மாடல், பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் காலம் போன்றவை வரும். அசல் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம், ஆண்டு, சேசிஸ் எண், காலி வண்டி எடை, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கும். பதிவு ஆண்டையும் தயாரிப்பு ஆண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2021 டிசம்பரில் தயாரான கார் 2022-ல் பதிவாகியிருக்கலாம். பேட்டரிக்கு வயசு ஏறுவது தயாரான நாளில் இருந்தே.

எடை: பெரிய பேட்டரி என்றால் எடையும் கூடும். நெக்ஸான் மேக்ஸ் பழைய நெக்ஸான் இவியை விட சுமார் 100 கிலோ அதிகம். ஆர்.சி.யில் உள்ள எடையை நிறுவனத்தின் பிரவுச்சரோடு ஒப்பிட்டால் நல்ல துப்பு கிடைக்கும்.

சேசிஸ் எண்: 17 எழுத்து. ஆர்.சி.யில் இருப்பதும் காரில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இந்த எண்ணை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால், கார் எந்த வேரியன்டாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்று அவர்களின் கணினியில் தெரியும். இதைவிட உறுதியான சான்று வேறு இல்லை. கார் உரிமையாளரையும் கூட அழைத்துப் போங்கள். வெளி ஆளுக்கு விவரம் தர அவர்கள் தயங்கலாம்.

இன்சூரன்ஸ்: எலெக்ட்ரிக் கார்களின் மூன்றாம் நபர் பிரீமியம் மோட்டாரின் கிலோவாட்டை வைத்து மூன்று அடுக்காகப் பிரிக்கப்படுகிறது: 30 வரை, 30 முதல் 65 வரை, 65-க்கு மேல். பாலிசியில் கிலோவாட் அச்சாகியிருந்தால் வேரியன்டைப் பிடித்துவிடலாம். பழைய நெக்ஸான் இவி 95 கிலோவாட், மேக்ஸ் 105 கிலோவாட். சின்ன பேட்டரி டியாகோ 45, பெரியது 55.

முதல் இன்வாய்ஸ்: ஷோரூம் கொடுத்த பில்லில் வேரியன்டின் முழுப் பெயர் இருக்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியதா என்பதும் தெரியும். 'தொலைஞ்சு போச்சு சார்' என்றால், இன்சூரன்ஸின் முதல் ஆண்டு பாலிசியைக் கேளுங்கள்.

பேப்பர் சரி, காரை எப்படி சோதிப்பது?

கண்ணால் பார்த்தே சிலதைச் சொல்லலாம். நெக்ஸான் மேக்ஸில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பட்டனால் இயங்கும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் வந்தன. விளம்பரம் 'மேக்ஸ்' என்று சொல்லி, உள்ளே கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் இருந்தால், அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொல்லப் போவது சார்ஜர்தான். மூன்று சோதனைகள்:

1. டி.சி. சார்ஜர் சோதனை. காரை 20 சதவீதத்தில் ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டி 80 வரை ஏற்றுங்கள். எத்தனை யூனிட் ஏறியது என்று பில்லில் வரும். 60 சதவீதத்துக்கு ஏறிய யூனிட்டை 0.6-ஆல் வகுத்தால் பேட்டரியின் இன்றைய கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். 40.5 பேட்டரி நன்றாக இருந்தால் சுமார் 24 யூனிட், 30.2 என்றால் சுமார் 18 யூனிட். வழியில் வீணாகும் மின்சாரம் சேர்ந்து பில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 40.5 பேட்டரி தேய்ந்து 80 சதவீதத்துக்கு வந்திருந்தால் அதுவும் 19 யூனிட் பக்கம்தான் காட்டும். அதாவது இந்தச் சோதனை 'இப்போது எவ்வளவு இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். 'முதலில் எவ்வளவு இருந்தது' என்பதற்குப் பேப்பர்தான் சாட்சி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேய்மானம் தெரியும்.

2. ஏ.சி. சார்ஜர் சோதனை. 7.2 கிலோவாட் ஏ.சி. சார்ஜரில் ஒரு மணி நேரம் மாட்டுங்கள். காருக்குள் இருப்பது 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 40.5 பேட்டரியில் 16 சதவீதம் வரை ஏறும். 3.3 கிலோவாட் என்றால் 7, 8 சதவீதம்தான். சுவரில் உள்ள பெட்டி பெரிதாக இருந்தாலும் காருக்குள் இருப்பது சின்னது என்றால் வேகம் வராது. இரவு 11 மணிக்கு வீடு திரும்பி காலை 8 மணிக்குக் கிளம்புபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

3. ரோடு சோதனை. நகர நெரிசலில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது போதாது. ஹைதராபாத்தில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது: 158 கிலோமீட்டர் நீளமுள்ள அவுட்டர் ரிங் ரோடு. ஏ.சி. போட்டு, 80-90 வேகத்தில் சீராக 60 கிலோமீட்டர் ஓட்டுங்கள். கார் காட்டும் சராசரி மின் செலவையும் குறைந்த சதவீதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, கிலோமீட்டருக்கு 140 வாட் அவர் என்று காட்டுகிறது. 60 கி.மீ.க்கு 8.4 யூனிட். பேட்டரி 30 சதவீதம் குறைந்திருக்கிறது. 8.4-ஐ 0.30-ஆல் வகுத்தால் 28. காரில் இருப்பது 30.2 பேட்டரி என்றால், நல்ல நிலையில்தான் இருக்கிறது. விளம்பரம் 40.5 என்று சொல்லியிருந்தால், ஒன்று அது தவறு, அல்லது பேட்டரி ரொம்பவே தேய்ந்திருக்கிறது. எதுவானாலும் அந்த விலை கொடுக்கக் கூடாது.

முடிந்தால் 20 சதவீதத்துக்குக் கீழேயும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள், சார்ஜர் பக்கத்தில் இருக்கும்படி. 18-ல் இருந்து திடீரென 9-க்கு இறங்கினால், செல்களுக்குள் சமநிலை இல்லை என்பதற்கான அறிகுறி.

'437 கி.மீ. போகும்' என்பது உண்மையா?

அது ஆய்வகத்தில் எடுத்த எண். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற மையங்களில், எம்.ஐ.டி.சி. என்ற சோதனை முறைப்படி காரை ரோலர் மேல் ஓட்டி அளப்பார்கள். நம் ரோட்டில் ஏ.சி., மேம்பாலம், நான்கு பேர், லக்கேஜ் எல்லாம் உண்டு. டாடாவே தன் 45 கிலோவாட் அவர் நெக்ஸானுக்கு 489 என்ற சோதனை எண்ணோடு, நடைமுறையில் 350 முதல் 370 கி.மீ. என்று தனியாகச் சொல்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதுதான் இது உறைக்கும். விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னை ஏறக்குறைய 630 கி.மீ. நெடுஞ்சாலையில் 150 கி.மீ.க்கு ஒருமுறை நிற்க வேண்டிய கார் நான்கு இடத்தில் நிற்கும். 220 கி.மீ. தாங்கும் கார் இரண்டு இடத்தில் நின்றால் போதும். குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்.

பேட்டரி ஆரோக்கியத்துக்கு சர்டிபிகேட் உண்டா?

எஸ்.ஓ.எச். என்று ஒரு எண் உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவில் இன்று எத்தனை சதவீதம் மிச்சம் என்பது அது. டேஷ்போர்டில் தெரியும் சார்ஜ் சதவீதம் வேறு, இது வேறு. தேய்ந்த பேட்டரியும் முழுசாக ஏற்றினால் 100 என்றுதான் காட்டும்.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி பரிசோதனை செய்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். ஓ.பி.டி. போர்ட்டில் சின்னக் கருவியை மாட்டி செல்போனிலேயே பார்க்கும் வழியும் இருக்கிறது. ஆனால் எல்லா மாடலிலும் அது சரியாகப் படிக்காது. விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஏற்காதீர்கள். நீங்கள் முன்னே நிற்கும்போது எடுக்கச் சொல்லுங்கள்.

சர்வீஸ் ஹிஸ்டரியில் ஒவ்வொரு வருகையின்போதும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஓடோமீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். ரீகால் எதுவும் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2020 டிசம்பரில் ஹூண்டாய் இந்தியாவில் 456 கோனா எலெக்ட்ரிக் கார்களை உயர் மின்னழுத்த பேட்டரி அமைப்பைச் சோதிக்கத் திரும்ப அழைத்தது.

பிளீட் கார்கள்: விலை குறைவு, ஏன்?

டாடா எக்ஸ்பிரஸ்-டி பார்க்க டிகோர் இவி போலவே இருக்கும். ஆனால் அது வாடகை நிறுவனங்களுக்காகவே வந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 16.5, 21.5 கிலோவாட் அவர் பேட்டரிகள். 2021-ல் பொதுமக்களுக்கு வந்த டிகோர் இவியில் 26. சில பழைய பிளீட் கார்களில் இப்போது பரவலாக உள்ள சி.சி.எஸ்.2 சார்ஜிங் வாயும் கிடையாது. ஊரெல்லாம் சார்ஜர் இருந்தும் உங்கள் காருக்குப் பொருந்தாமல் போகும்.

இத்தகைய கார்கள் மொத்தமாகச் சந்தைக்கு வரும் நேரங்களும் உண்டு. 2025 ஏப்ரல் 15-ம் தேதி ஜென்சோல் இன்ஜினியரிங் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. 6,400 எலெக்ட்ரிக் கார்கள் வாங்கக் கடன் பெற்று, 4,704 கார்களே வாங்கப்பட்டதாக அதில் குறிப்பிட்டது. அந்த கார்களை குத்தகைக்கு ஓட்டிய புளூஸ்மார்ட் டாக்ஸி நிறுவனம் அதே வாரம் சேவையை நிறுத்தியது. இப்படி நிறுவனம் சிக்கலில் மாட்டிய கார் விற்பனைக்கு வந்தால், பேட்டரியைப் பார்க்கும் முன் கடன் தீர்ந்ததற்கான வங்கியின் தடையில்லாச் சான்றைப் பாருங்கள்.

பிளீட் கார் என்றாலே மோசம் என்றில்லை. ஆனால் அது பிளீட் கார் என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்க வேண்டும்.

பேட்டரி யாருக்குச் சொந்தம்?

விசித்திரமான கேள்விதான். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். 2024 செப்டம்பரில் வின்ட்சர் வந்தபோது, காருக்கு 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று 'பேட்டரி வாடகை' திட்டம் அறிமுகமானது. அப்படி வாங்கிய கார் என்றால், பேட்டரிக்கான பாக்கி யார் கட்டுவது என்பது எழுத்தில் முடிவாக வேண்டும்.

வாரன்டியிலும் இதே கவனம் தேவை. பல கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முன்னதோ அது. 'லைஃப்டைம் வாரன்டி' என்று விளம்பரமான சில மாடல்களில் அந்தச் சலுகை முதல் உரிமையாளருக்கு மட்டும். உங்கள் பெயருக்கு மாறிய பிறகு எது மிஞ்சும் என்று நிறுவனத்திடமே கேளுங்கள்.

விலை பேசும்போது தெலங்கானாவில் என்ன கவனிக்கணும்?

2024 நவம்பர் 18 முதல் 2026 டிசம்பர் 31 வரை தெலங்கானாவில் பதிவாகும் எலெக்ட்ரிக் வண்டிகளுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் முழு விலக்கு என்று மாநில அரசு அறிவித்தது. 2020 கொள்கையில் இந்தச் சலுகை முதல் 5,000 சொந்த கார்களுக்கு மட்டும் இருந்தது. 'லைஃப் டாக்ஸ் கட்டின வண்டி சார்' என்று விலையை ஏற்றினால் ரசீதைக் கேளுங்கள். கட்டாத வரிக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு நிரந்தரமாக எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால், தடையில்லாச் சான்று வாங்கி 12 மாதத்துக்குள் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது அந்த மாநில வரி விதிதான் பொருந்தும்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பழைய எலெக்ட்ரிக் கார்களுக்கான வரியை 18 சதவீதம் ஆக்கியது. இது பதிவு பெற்ற வியாபாரிக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது மட்டும். கார் விலை முழுவதற்கும் அல்ல. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை.

ஏமாந்துவிட்டால் என்ன செய்யலாம்?

வியாபாரியிடமோ ஆன்லைன் தளத்திலோ வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் அங்கேதான். தனிநபரிடம் வாங்கியது என்றால் நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. ஒப்பந்தச் சட்டப்படி சிவில் வழக்கு, வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால் போலீஸ் புகார் என்று போக வேண்டும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம்தான். ஆகவே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பேட்டரி கொள்ளளவு, சார்ஜர் அளவு, ஓடிய கிலோமீட்டர், முன்பு டாக்ஸியாக ஓடியதா என்ற நான்கையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உண்மையைச் சொன்னவர் தயங்காமல் போடுவார்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு முறை

• சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் சென்டரில் வேரியன்டை உறுதி செய்தாச்சா?
• ஆர்.சி., இன்சூரன்ஸ், இன்வாய்ஸ் மூன்றும் ஒரே காரைப் பற்றித்தான் பேசுகின்றனவா?
• 20 முதல் 80 வரை சார்ஜ் செய்த பில் கையில் இருக்கிறதா?
• ரிங் ரோட்டில் 60 கி.மீ. ஓட்டிக் கணக்குப் போட்டாச்சா?
• வாரன்டி, கடன், பேட்டரி வாடகை மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்ததா?

இதற்கெல்லாம் ஒரு சனிக்கிழமை போதும். 'இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த கார் அந்த இன்னொரு பார்ட்டிக்கே போகட்டும்.